பெயர் எழுதாத உண்டியல்

அந்த உண்டியல் தகரத்தால் ஆனது. நீல வண்ணம் பூசியது. விளிம்புகளில் வண்ணம் உரிந்து, உள்ளே இருக்கும் தகரம் மங்கலாக மின்னும். ஒரு கைக்குள் அடங்கும் அளவுதான். நியூ ஜெர்சியில் ஒரு வீட்டின் சமையலறைச் சன்னல் திட்டில், பாத்திரம் துலக்கும் சோப்புப் புட்டிக்குப் பக்கத்தில் அது இருந்தது. வெள்ளிக்கிழமை மாலைகளில், வெயில் மேப்பிள் மரத்தின் உச்சிக்கு ஏறி அங்கே சற்றுத் தயங்கி நிற்கும் நேரத்தில், அந்த வீட்டு அம்மையார் சட்டைப் பையிலிருந்து சில்லறையை எடுத்து அதில் போடுவார். போடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார். கண் மரத்தில் இருக்கும். விரல்கள் தாமாகத் தடவி உண்டியலின் வாயைக் கண்டுபிடிக்கும். காசு விழுந்த ஓசை கேட்ட பிறகுதான் மெழுகுவத்திகளை ஏற்றுவார். ஏற்றிவிட்டால் மறுநாள் இருட்டும்வரை காசைத் தொடமாட்டார். யூதர்களுக்கு அது ஓய்வு நாள். “ஏன் முகத்தைத் திருப்பிக்கிறீங்க?” என்று ஒருமுறை கேட்டேன். “எவ்வளவு போடுறேன்னு எனக்கே தெரிய வேண்டாம்னுதான்,” என்றார்.

அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத்தான் இப்படி எழுதுகிறேன். எண்பதை நெருங்கும் இந்த வயதில் என் நினைவில் எல்லாரும் தமிழில்தான் பேசுகிறார்கள். அவர்களைத் திருத்துவதற்கு எனக்கு மனம் வருவதில்லை.

அவர் எங்கள் கல்லூரியில் வேதியியல் பேராசிரியை. நான் கணிதம். எங்கள் அறைகளுக்கு நடுவே ஒரு மெல்லிய சுவர். அவர் மாணவர்களைத் திட்டுவது எனக்குத் தெளிவாகக் கேட்கும். என்னைவிடச் சில வயது மூத்தவர். கணவர் இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது, பிள்ளைகள் இல்லை. பொள்ளாச்சிக்காரனான எனக்கும் அவருக்கும் நட்பு எப்படித் தொடங்கியது என்று யோசித்தால், மழையில் பேருந்து நிறுத்தத்தில் ஒரே குடையின்கீழ் நின்றதுபோல ஒரு காட்சி வருகிறது. அது நடந்ததா, பிறகு நானாகச் சேர்த்துக்கொண்டதா என்று தெரியவில்லை.

மேற்படிப்புக்குப் போகும் யூத மாணவர்களுக்கென்று சிறிய உதவித்தொகை ஒன்று இருந்தது. ஆண்டுக்கு ஒருவருக்குத்தான் கிடைக்கும். அதற்கான தேர்வுக் குழுவில் பேராசிரியையும் ஒரு பல் மருத்துவரும் இருந்தார்கள். மூன்றாமவராக என்னைக் கூப்பிட்டார். நான் சிரித்தேன். “நெத்தியில திருநீறு பூசுறவனை எதுக்குக் கூப்பிடறீங்க?” என்றேன். “எங்க ஆளுங்கள்ல ஒருத்தரைக்கூட உங்களுக்குத் தெரியாது. டாக்டருக்கு எல்லாரோட பல்லும் தெரியும், அவங்க குடும்பச் சண்டையும் தெரியும். அதான் நீங்க வேணும்,” என்றார். விண்ணப்பங்களில் பெயரை மறைத்துவிடுவோம். அவரது சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, தேநீர் ஆற ஆற, முகமறியாத பிள்ளைகளின் கட்டுரைகளைப் படிப்போம்.

பணம் யாருடையது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அவருடையது. அவருடைய தந்தை விட்டுப்போன வீட்டை விற்று அதில் போட்டிருந்தார். அந்தத் தந்தை இளவயதில் ஐரோப்பாவிலிருந்து உயிர் தப்பி, கையில் ஒன்றுமில்லாமல் இந்த நாட்டுக்கு வந்தவர். அவரைப் படிக்கவைத்தது ஊரிலிருந்த யூதர்களில் யாரோ ஒருவர். யார் என்று கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை. அதனால் தெருவில் எதிர்ப்படும் ஒவ்வொருவருக்கும் தொப்பியை உயர்த்தி வணக்கம் சொல்வாராம். ரொட்டிக் கடைக்காரருக்கு, குப்பை அள்ளுகிறவருக்கு, தன் மகளை முறைத்துப் பார்க்கும் கிழவருக்கு, எல்லாருக்கும். இவராக இருக்குமோ, அவராக இருக்குமோ என்ற எண்ணத்திலேயே ஒரு ஊர் முழுவதையும் நேசித்து முடித்த மனிதர். “யாருன்னு தெரிஞ்சிருந்தா ஒருத்தர் முன்னாடி மட்டும் குனிஞ்சிருப்பார்,” என்றார் பேராசிரியை. பிறகு என்னை நேராகப் பார்த்து, “டாக்டருக்குத் தெரியும். இப்போ உங்களுக்கும் தெரியும். இதோட நிக்கணும்,” என்றார். “என் வாயிலிருந்து வராது,” என்றேன். கையில் தேநீர்க் கோப்பை இருந்தது. அதன் சூட்டை இன்றும் விரல்களில் உணர்கிறேன்.

நான் வளர்ந்த பழக்கம் வேறு என்பதையும் சொல்லவேண்டும். எங்கள் பக்கத்துக் கோயில்களில் குழல்விளக்கு மாட்டினால் விளக்கை மறைக்கும் அளவுக்கு உபயதாரர் பெயர் எழுதியிருக்கும். பாதி வெளிச்சம் சாமிக்கு, பாதி பெயருக்கு. நியூ ஜெர்சியில் எங்கள் கோயில் சமையற்கூடத்துக்கு நானும் ஒரு பெரிய கிரைண்டர் வாங்கிக் கொடுத்திருந்தேன். அதன்மேல் என் பெயர், என் மனைவி பெயர், மகள் பெயர், எங்கள் ஊர்ப் பெயர் எல்லாம் ஒட்டியிருந்தது. பேராசிரியையை ஒருமுறை அங்கே தோசை சாப்பிட அழைத்துப் போனபோது என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். பெருமையோடு படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, தட்டிலிருந்த சட்னியைக் காட்டி, “அப்போ இதுவும் உங்களுக்கு நன்றி சொல்லணுமா?” என்றார். என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் வீடு திரும்பும்வரை உள்ளே எங்கோ சுருக்கென்றுதான் இருந்தது.

ஒரு வசந்தத்தில் வந்த விண்ணப்பங்களைப் படித்துக்கொண்டிருந்தோம். ஒரு கட்டுரையில், ஆய்வகத்தில் சோதனை தவறிப்போய், ஆசிரியை அதை முதலிலிருந்து மறுபடி செய்யவைத்த கதை வந்தது. பேராசிரியை பாதியில் தாளைக் கீழே வைத்தார். “இது என்னோட மாணவி. நான் முடிவு சொல்லக்கூடாது,” என்று எழுந்து சமையலறைக்குப் போனார். நாங்கள் பேசுவது காதில் விழக்கூடாது என்று தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார். ஓடும் தண்ணீரின் ஓசைக்கு நடுவே நானும் பல் மருத்துவரும் அந்தப் பெண்ணைத் தேர்ந்தெடுத்தோம். உதவித்தொகையின் பெயரில் அவளுக்குக் கடிதம் போயிற்று. யார் தேர்ந்தெடுத்தார்கள், யார் பணம் என்பதெல்லாம் அதில் இல்லை.

அவள் டெக்சாஸைச் சேர்ந்த யூதப் பெண். ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி என்ற ஊரில், தமிழ்க் குடும்பங்களுக்கும் தெலுங்குக் குடும்பங்களுக்கும் நடுவில் வளர்ந்தவள். தாய் செவிலியர், தனியாக வளர்த்தவர். அவளுடைய இழுவையான ஆங்கிலம் என் காதில் கொங்குத் தமிழாகத்தான் விழும், அப்படியே எழுதுகிறேன். பேராசிரியையோடு எங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்தபோதே ரசத்தை உறிஞ்சிவிட்டு, “நல்லாத்தானுங்க இருக்குது ஆன்ட்டி. ஆனா எங்க கேட்டியில பக்கத்து வீட்டு ஆன்ட்டி வெச்சாங்கன்னா தெரு முனை வரைக்கும் மணக்கும்,” என்றாள். என் மனைவி அந்த நிமிடமே அவளை மகளாக எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமைகளில் அவள் பேராசிரியை வீட்டுக்குச் சாப்பிடப் போவாள். சில வாரங்கள் நாங்களும் போவோம். துணியால் மூடிய பின்னல் ரொட்டி, இரண்டு மெழுகுவத்திகள், கோழி சூப், எங்களுக்குத் தனியாகக் காய்கறி சூப். வேலைநாளில் கறாரான அந்த அம்மையாரை அங்கே அவள் ஒரு வாக்கியம்கூட முடிக்கவிடமாட்டாள். கடவுளைப் பற்றிச் சண்டை. தேர்தலைப் பற்றிச் சண்டை. ரொட்டியைக் கத்தியால் அறுப்பதா, கையால் பிய்ப்பதா என்று ஒருநாள் மெழுகு உருகித் தீரும்வரை சண்டை. “நீங்க சொல்றது தப்புங்க. நிரூபிச்சுக் காட்டுங்க பாக்கலாம்!” என்று அவள் மேசையைத் தட்டுவாள். “உனக்குப் பி கிரேடு போட்டது தப்பு. சி போட்டிருக்கணும்!” என்று இவர் திருப்பித் தட்டுவார். சுடரொளியில் அந்த முகம் சிறுமியின் முகம்போல இருக்கும். அவ்வளவு சத்தத்துக்கும் நடுவே என் பக்கம் சாய்ந்து, “எங்க அப்பா மேசையில ஒருத்தர் ஒத்துப்போனா அவர் தூங்கிட்டார்னு அர்த்தம்,” என்பார். அந்த வீட்டில் அவருக்கு இருந்த செல்வம் அந்தச் சத்தம்தான். அது எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும்தான் செய்தேன்.

கோடையின் தொடக்கத்தில், அவள் கலிபோர்னியாவுக்கு மேற்படிப்புக்குப் போக இன்னும் இரண்டு மூன்று மாதம் இருக்கும்போது, நானும் மனைவியும் அவளைக் கோயில் கேன்டீனுக்குக் கூட்டிப்போனோம். தோசையைப் பிய்த்தபடி அவள் பேராசிரியையைப்போல நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, புருவத்தைத் தூக்கி. “அந்தம்மா இருக்காங்களே, ஒரு டம்ளர் தண்ணி குடுத்தாக்கூட, குடிச்சதுக்கு ரிப்போர்ட் எழுதுன்னு சொல்லிப்போடுவாங்க. எனக்கு ஸ்காலர்ஷிப் குடுத்த புண்ணியவான் யாரோ, எவரோ! ஒரு கேள்வி கேக்கலை. இந்தம்மா கையில இருந்திருந்தா என்னைக் கெஞ்ச வெச்சிருப்பாங்க.”

வெறும் விளையாட்டுப் பேச்சு. அன்பில்லாத இடத்தில் அப்படி ஒரு பேச்சு வராது. நான் கையைத் துடைத்துக்கொண்டு, “அது அவங்க பணம்தான், கண்ணு,” என்றேன். மேசைக்கடியில் மனைவி என் காலை மிதித்தாள். நான் நிறுத்தவில்லை. தந்தையின் வீட்டை விற்றது, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டது, நாங்கள் தேர்ந்தெடுத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். சமையற்கூடத்தில் என் பெயர் ஒட்டிய கிரைண்டர் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அவள் விண்ட தோசைத் துண்டைத் தட்டிலேயே திரும்ப வைத்தாள். அதன் பிறகு ஒன்றும் சாப்பிடவில்லை.

காரில் திரும்பும்போது என் மனைவி, “பொம்பளைங்க வாயில ரகசியம் நிக்காதுன்னு எவனோ சொல்லிப்போட்டான். அவன் உங்களைப் பாத்ததில்லை,” என்றாள். நான் நியாயம் பேசினேன். செய்தவரை ஏசுவதைக் கேட்டுக்கொண்டு எப்படிச் சும்மா இருப்பது, உதவியவர் யார் என்று தெரிந்தால்தானே நன்றி சொல்லமுடியும் என்றேன். “நன்றி வேணும்னு அவங்க கேட்டாங்களா?” என்றாள். இப்போது அவளும் இல்லை. இனி அவளிடம் பொய் சொல்லத் தேவையும் இல்லை. நான் அதைச் சொன்னது பேராசிரியைக்காக அல்ல. அந்தப் பெண்ணின் கண்கள் விரிந்து என்னைப் பார்க்கவேண்டும் என்று விரும்பினேன். அவ்வளவு பெரிய நன்மை நடந்த அறையில் நானும் இருந்தேன் என்று அவளுக்குத் தெரியவேண்டும். அந்த வெளிச்சத்திலும் ஓர் ஓரத்தில் என் பெயரை ஒட்டிக்கொள்ளப் பார்த்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவள் பெரிய பூங்கொத்தோடு வந்தாள். எப்போதும் சன்னல் வழியாகக் கூப்பிட்டுக்கொண்டே உள்ளே வருகிறவள், அன்று மணியை அடித்துவிட்டு வாசலில் நின்றாள். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். பேராசிரியை எதைச் சொன்னாலும் “ஆமாங்க” என்றாள். அதற்கடுத்த வெள்ளியும் அப்படியே. கடவுள் இருக்கிறார் என்றாலும் ஆமாம், இல்லை என்றாலும் ஆமாம். நான் சொல்லிவிட்டதை அவரிடம் அவள் சொல்லவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை போலும்.

மூன்றாவது வெள்ளி எல்லாருக்கும் காய்கறி சூப்தான். உப்புக் கரித்தது. முதல் கரண்டியிலேயே எனக்குக் கண் கலங்கியது. என் மனைவி மெல்லத் தண்ணீரை எடுத்தாள். பேராசிரியை தன் கரண்டியைத் தொடவேயில்லை. அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சூப் எப்படி இருக்கு?”

“நல்லா இருக்குதுங்க.”

“உப்பு?”

“சரியாத்தான் இருக்குதுங்க.”

“இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?”

“ஊத்துங்க.”

அவள் இரண்டாவது கிண்ணத்தையும் குடித்து முடித்தாள். சுடர்கள் அசையாமல் நின்றன. பேராசிரியை என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. சன்னலுக்கு வெளியே மரத்தைப் பார்ப்பாரே, அதுபோல என்னைத் தாண்டி எதையோ பார்த்தார். பாத்திரங்களை எடுத்துவைக்க நான் உதவியபோது, சமையலறையில், குழாயைத் திறந்துவிட்டு, தாழ்ந்த குரலில் ஒன்றே ஒன்று சொன்னார். “என் மேசையில அந்தப் பொண்ணு தூங்கிட்டா.”

யார் சொன்னது என்று கேட்கவில்லை. நான்தான் என்று நானும் சொல்லவில்லை. அதன் பிறகும் பல ஆண்டுகள் அதே மேசையில் தேநீர் குடித்தோம். அதே குழுவில் என்னை வைத்திருந்தார். ஒரு குறைவும் இல்லாமல் பேசினார். ஒவ்வொரு கோப்பையிலும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். தேநீர் ஆறிவிடும். அந்தப் பெண் கலிபோர்னியாவிலிருந்து விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பூங்கொத்தோடு அவரைப் பார்க்கப் போனாள். பூக்கள் வாடும்வரை அவர் அதைச் சாப்பாட்டு மேசையிலேயே வைத்திருப்பார். வீட்டில் சத்தம் மட்டும் இருக்காது.

மனைவி போன பிறகு நான் இங்கே, கலிபோர்னியாவின் டப்ளினில், மகள் வீட்டுக்கு வந்துவிட்டேன். கிளம்பும் முன் விடைபெறப் போனபோது பேராசிரியை அந்த நீல உண்டியலைப் பாத்திரம் துடைக்கும் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார். “உங்க வீட்டுல பேரு எழுதாத ஒண்ணும் இருக்கட்டும்,” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். எல்லாம் தெரிந்திருந்த சிரிப்பு. அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கவேண்டும். தேவையில்லாத இடத்தில் திறந்த வாய், தேவைப்பட்ட இடத்தில் திறக்கவில்லை. அடுத்த குளிர்காலத்தில் அவர் இறந்துவிட்டதாகப் பல் மருத்துவர் தொலைபேசியில் சொன்னார்.

போன மாதம் பக்கத்து ஊரான பிளசன்டனில், சனிக்கிழமைக் காய்கறிச் சந்தையில், பின்னாலிருந்து “அங்கிள்!” என்று ஒரு குரல். அதே இழுவை. நரை ஓடிய கூந்தலோடு அவள் நின்றிருந்தாள். இங்கேதான் ஏதோ ஆய்வகத்தில் வேலையாம். மரநிழலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். பேராசிரியையிடம் சொல்லாததை அவளிடம் சொன்னேன். வாக்குக் கொடுத்திருந்தேன், மீறினேன், என் பெருமைக்காக மீறினேன், அந்த சூப் உன்னைச் சோதிக்க வைத்த சூப் என்றேன்.

“கடல் தண்ணிங்க அது,” என்றாள். “தெரியாதுன்னா நினைச்சீங்க? அவங்க வேணும்னுதான் போட்டிருக்காங்கன்னும் தெரியும். ‘என்னங்க இது, ஆளைக் கொல்லப் பாக்கறீங்களா’ன்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு. அவங்க அப்பா வீட்டை வித்த காசுல படிக்கப்போற நான், அவங்க சூப்பை எப்படிங்க குறை சொல்லுவேன்?” பிறகு தக்காளிக் கூடைகளின் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள். “கடைசியாப் பாத்தப்போ, ரொட்டியைக் கத்தியாலதான் அறுக்கணும்னு சொன்னாங்க. கையாலதான் பிய்க்கணும்னு வருஷக்கணக்கா அடிச்சுப் பேசின மனுஷி. எனக்காக என்னோட கட்சியை எடுத்துக்கிட்டாங்க. மறுத்துப் பேசுவேனான்னு பாத்தாங்க. நான் ஆமாங்கன்னுட்டேன்.” என்மீது கோபமா என்று கேட்டேன். “ஆமாங்க, கோபந்தான்,” என்றாள் உடனே. அவள் இழுத்துப் பேசாமல் வெடுக்கென்று சொன்ன ஒரே சொல் அது. அது எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த மேசையில் தூங்கியவள் எங்கோ விழித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. பேத்தி சமையலறையில் மடிக்கணினியோடு உட்கார்ந்து, கல்லூரிக்கு உதவித்தொகைகளைத் தேடிக்கொண்டிருந்தாள். யூத மாணவர்களுக்கென்றே எத்தனை இருக்கின்றன என்று வியந்தாள். பிறகு, “தாத்தா, இதுல டோனர் ‘அனானிமஸ்’னு போட்டிருக்கு. ஹூ டஸ் தட்?” என்றாள். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல், கணினியைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். குன்றுகளுக்குப் பின்னால் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. சன்னல் திட்டில், சோப்புப் புட்டிக்குப் பக்கத்தில், அந்த நீல உண்டியல். வெள்ளிதோறும் நானும் அதில் ஏதோ போடுகிறேன். நிறைந்தபின் அது எங்கே போகிறது என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

சட்டைப் பையில் கையை விட்டு, அவரைப்போல முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பினேன். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது, உள்ளே விளக்கு எரிந்தது. கண்ணாடியில் குன்றும் தெரியவில்லை, மரமும் தெரியவில்லை. ஒரு கிழவன் உண்டியலில் காசு போடப்போவதை ஒரு கிழவன் பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பிப் போய் விளக்கை அணைத்தேன். கண்ணாடியிலிருந்து என் முகம் போயிற்று; குன்றுகளின் விளிம்பு மெல்ல மேலெழுந்து வந்தது. விரல்கள் தடவித் தடவி உண்டியலின் வாயைத் தேடின.

காசு விழுந்த ஓசை கேட்டுப் பேத்தி அறையிலிருந்து குரல் கொடுத்தாள். “தாத்தா, இருட்டுல என்ன பண்றீங்க?”

“ஒண்ணுமில்லை, கண்ணு,” என்றேன்.